பன்னிரண்டு தகடுகளும் என் அண்ணியும்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பெயரைக் கெடுக்க மனமில்லை. குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அண்ணிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சமையல் சுமார். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையின் தோள் தையலைப் பார்ப்பாள். கோணலாக இருந்தால் நாலு பேர் நடுவில் சொல்லியும் விடுவாள். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "காலர் சரியா உக்காரல."

என்னைவிட ஐந்து மாதம் இளையவள். அதனால் கூப்பிடுவது அண்ணி என்றாலும் பேசுவதெல்லாம் நீ, வா, போ என்றுதான். ஒரே ஊர், ஒரே தெரு, நடுவில் மூன்று வீடு. வாரத்துக்கு ஒரு சண்டையாவது போடாவிட்டால் இரண்டு பேருக்கும் சாப்பிட்டது செரிக்காது.

அவள் தையல்காரி. ஆறு வருடங்களாக எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் கொடுப்பவளும் அவள்தான்.

எங்கள் ஊர் ஆறு கடலில் சேரும் இடத்தில் பள்ளமாகக் கிடக்கிறது. வருடத்துக்கு ஒரு புயலாவது எட்டிப் பார்க்காமல் போகாது. வெள்ளம் ஏறினால் கிணறுகளெல்லாம் உப்பும் சேறும். மின்சாரம் போனால் திரும்பி வரப் பத்து நாள், பதினைந்து நாள். முழங்கால் அளவு வெள்ளத்தில் குடத்தோடு நின்று தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த அனுபவம் எனக்கே உண்டு. அந்த நாட்களில் சுகாதார நிலையத்தில் என் கட்டில்கள் நிறைந்துவிடும். நான் அங்கே நர்ஸ். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் எந்தெந்தக் குழந்தை வயிற்றுப்போக்கோடு வரும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனி வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மேட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டது. இரும்புத் தாங்கியின் மேல் கதவு அளவில் பன்னிரண்டு தகடுகளை வைத்தது. வெயில் பட்டால் தகடுகளில் மின்சாரம் வரும், மோட்டார் ஓடும், தண்ணீர் வடிகட்டிகளில் புகுந்து, ஐயாயிரம் லிட்டர் தொட்டிக்கு ஏறும். கரண்ட் கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், மூன்று நாள் பயிற்சி என்று சொன்னார்கள். ஆண்கள் ஏழு பேர் போனார்கள். மதியச் சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

அண்ணி போனது பயிற்சிக்கு இல்லை. அந்த ஏழு பேருக்கும் கம்பெனிச் சட்டை தைக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அறையின் பின்பக்கம் மிஷினைப் போட்டுக்கொண்டு, தைத்தபடியே எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறாள். மூன்றாம் நாள் வாத்தியார் கேள்வி கேட்க, ஏழு பேரும் திருதிருவென்று விழிக்க, பின்னாலிருந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இவள் பதில் சொன்னாளாம். ஐந்தாவது பதிலில் அவர் பெயர்ப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "நீங்க பேரு குடுங்கம்மா" என்றாராம். ஏழு சட்டைகளில் ஒன்றைப் பிரித்து அவள் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுடைய தையல் மிஷினும், மோட்டாரும் வடிகட்டிகளும் இருக்கிற தண்ணி ரூமுக்குக் குடி போய்விட்டது. கழுத்தில் இஞ்ச் டேப், இடுப்பில் ஸ்பேனர். காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை மோட்டார் ஒரு பக்கம் ஓடும், மிஷின் ஒரு பக்கம் ஓடும். இரண்டின் சத்தத்தையும் அவள் காதாலேயே பிடிப்பாள். "நூல் சிக்குது" என்றால் வடிகட்டி அடைத்திருக்கிறது. குழாய் இணைப்பில் கசிந்தால் "தையல் விட்டுப்போச்சு." குடத்து வரிசையில் இரண்டு பேர் சண்டை போட்டால் குழாயை மூடிவிட்டு, ரவிக்கைக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்துவிடுவாள். "முடிஞ்சதும் சொல்லுங்க, திறக்கிறேன்" என்பாள். இரண்டு நிமிடத்தில் ஊர் ஒற்றுமையாகிவிடும்.

என் அண்ணன் தச்சுவேலை செய்கிறவன். நல்ல மனுஷன். அவன் எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் ஒரு திருகு கையில் மிச்சம் நிற்கும். அதை எங்கும் விட்டுவிடாமல் வாங்கி வைத்துக்கொள்ளத்தான் கல்யாணம் செய்துகொண்டதாக அண்ணி சொல்வாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் வந்த புயலில் ஒரு மரக்கிளை ஒடிந்து நாலு தகடுகள் மேல் விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கம்பெனி மெக்கானிக் வந்து மீட்டரை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்த நாலும் உள்ளுக்குள்ள இளைச்சுப்போச்சும்மா. நல்லதோட சேர்த்து ஒரே வரிசையில மாட்டினா, நல்லதையும் கீழே இழுத்துரும். மோட்டார் எழும்பாது" என்றார். அன்றிலிருந்து எட்டு நல்ல தகடுகள் மோட்டாருக்கு, நாலு இளைத்த தகடுகள் தனியாக விளக்குக்கும் கிருமி கொல்லும் கருவிக்கும் என்று பிரித்து மாட்டியிருந்தது. பார்க்க எல்லாம் ஒன்றுதான். எது எது என்பது மெக்கானிக்கின் மீட்டருக்கும் அண்ணிக்கும்தான் தெரியும். அந்த மாதிரி ஒரு மீட்டர் தனக்கும் வேண்டும் என்று அவள் கேட்டாள். அதெல்லாம் இயக்குபவருக்குத் தேவைப்படாது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கத்தரித்து ஒரு பாவாடைக்கு அளவு மாதிரி செய்துவிட்டாள்.

அதே புயலில் பக்கத்து ஊர்த் தகடுகள் பறந்தே போயின. ஒன்று மூன்று மைல் தள்ளி ஒரு மாட்டுக் கொட்டகைக் கூரையில் கிடந்தது. அந்த ஊருக்குப் புதுத் தகடு வரப் பதினொரு மாதமானது. அடுத்த முறை நம்முடையது பறப்பதை வேடிக்கை பார்க்கப் போவதில்லை என்று அண்ணி அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஆனால் தண்ணி ரூம் கதவில் கம்பெனி சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தது: தகடுகளை இயக்குபவர் கழற்றக் கூடாது. மீறினால் நிலையம் திரும்பப் பெறப்படும்.

போன வருடம் புயல் எச்சரிக்கை வந்த அன்று அண்ணி அந்தக் கதவின் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள். படிக்கவில்லை என்று நாளைக்குச் சொல்லலாம் அல்லவா.

புதன்கிழமை மதியம் வரை மோட்டாரை ஓட்டித் தொட்டியை விளிம்பு தட்ட நிரப்பினாள். பிறகு அண்ணனும் அவளும் ஏறிப் பன்னிரண்டு தகடுகளையும் கழற்றினார்கள். இறக்க இறக்க ஒவ்வொன்றின் முதுகிலும் தையல் சாக்குக் கட்டியால் ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை எண் போட்டாள். துணி வெட்டும்போது போடுவாளே, அதே நீலச் சாக்குக் கட்டி. தைத்து முடிகிற வரை நிற்கும், அப்புறம் ஒரு தண்ணீரில் போய்விடும். இத்தனை வருடம் அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தில் வைக்கலாமே என்று அண்ணன் கேட்டான்.

"எல்லாத் துணியையும் ஒரே கொடியிலயா காயப் போடுவாங்க? கொடி அறுந்தா?" என்றாள்.

ஊரில் கான்கிரீட் கூரை போட்ட வீடுகள் சரியாகப் பன்னிரண்டு. வீட்டுக்கு ஒரு தகடு. இவரைப் பிடிக்கும், இவரைப் பிடிக்காது என்று ஒதுக்க வழியில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே கூடப் போனாள். என் வீட்டுக்கு வந்தபோது தகட்டைக் கட்டிலின் மேல் படுக்க வைத்து, போர்வையால் மூடி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னாள்:

"பன்னிரண்டுலயும் இதுதான் நல்ல தகடு. உன்னை நம்பிக் குடுக்கிறேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாரம் ஒரு சண்டை போட்டாலும் ஆபத்து என்றால் நாத்தனார்தான் என்று நினைத்துக்கொண்டேன். இதே வார்த்தையை இதே ரகசியக் குரலில் அவள் பன்னிரண்டு வீட்டிலும் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

புயல் வியாழக்கிழமை முழுக்க அடித்தது. எல்லோரும் பள்ளிக்கூட மாடியில் இருந்தோம். வெள்ளிக்கிழமை காலை இறங்கி வந்தால், ஊருக்குள் வருகிற பாலத்தின் நடுப்பகுதி இல்லை. போன் இல்லை. கிணறுகளில் கடல் தண்ணீர். ஆனால் தண்ணி ரூம் இருந்தது. இரும்புத் தாங்கி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் ஒடியவில்லை. தகடுகள் மேலே இருந்திருந்தால் காற்று அவற்றைப் பிடித்துத் தாங்கியையே பிடுங்கியிருக்கும் என்றான் அண்ணன். அண்ணி அதற்குள் தண்ணீர்க் கணக்குக்குப் போய்விட்டாள். தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். எழுபது வீட்டுக்கு, வீட்டுக்கு இரண்டு குடம் என்று பிடித்தால் சனிக்கிழமை மதியம் வரை வரும். அதற்குள் வெயில் வந்து, தகடுகள் ஏறி, மோட்டார் ஓட வேண்டும். பாலத்துக்கு மறுபக்கத்திலிருந்து யாரும் ஒரு வாரத்துக்கு வரப் போவதில்லை.

இனி என் பாவத்தைச் சொல்ல வேண்டும்.

நான் எதையும் கழுவுகிறவள். தொழில் அப்படி. வெள்ளிக்கிழமை காலை என் கட்டிலில் இருந்த தகட்டைப் பார்த்தேன். தூசியும் பறவை எச்சமுமாக இருந்தது. ஒருத்தர் பொருளை வாங்கினால் அழுக்கோடு திருப்பிக் கொடுப்பதா? வாளியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரை எடுத்து, சோப்புப் போட்டு, முன்னும் பின்னும் தேய்த்தேன். முதுகில் நீலமாக ஏதோ கிறுக்கியிருந்தது. அதையும் தேய்த்தேன். தகட்டின் ஓரச் சட்டத்துக் கறை போகவில்லை என்று கம்பி நாரையும் எடுத்தேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாசலில் நின்று எதிர்வீட்டுப் பெண்ணிடம், "எங்க அண்ணி உயிரா நினைக்கிற பொருள். கழுவித் துடைச்சுக் குடுங்க" என்றேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஊரில் ரேடியோ என்று பெயர். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு வீட்டிலும் தகட்டுக்குக் குளியல். மிச்சமிருந்த மழைத் தண்ணீரும் அதோடு தீர்ந்தது.

மதியம் எல்லோரும் தகடுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணியும் அண்ணனும் பின்பக்கம் சேற்றில் நின்று தாங்கியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். வாங்கி வைத்தது நான்தான். பன்னிரண்டையும் சுவரில் வரிசையாகச் சாய்த்து, முகம் உள்ளே தள்ளி, முதுகு வெளியே தெரிய வைத்தேன். பளபளவென்று இருந்தன. எனக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை வானம் வெளுத்தது. வெயில். ஊரே குடத்தோடு தண்ணி ரூமுக்கு முன்னால் கூடிவிட்டது. அண்ணி கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தாள், சுவரில் சாய்ந்திருந்த முதல் தகட்டின் முதுகைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். பிறகு வேகமாகப் பன்னிரண்டையும் பார்த்துக்கொண்டே போனாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நம்பர் எங்கே?" என்றாள் மெதுவாக.

"எந்த நம்பர்?" என்றார் டீக்கடைக்காரர். "நாங்க நல்லா சுத்தமா கழுவித்தானே குடுத்தோம்!"

அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு. பாராட்டுக்காகக் காத்திருந்தார்கள். அண்ணியால் திட்டவும் முடியவில்லை. நீலக் கிறுக்கல் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கைக்கு வந்த எட்டை மோட்டார் வரிசையில் ஏற்றினாள். அதற்கே ஒன்றரை மணி நேரமானது. சுவிட்சைப் போட்டாள். சுவரிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. மோட்டார் ஒரு முறை உறுமியது, திணறியது, நின்றது. சிவப்பு விளக்கு. இரண்டு தகடுகளை மாற்றினாள். மறுபடி உறுமல், மறுபடி சிவப்பு. குடத்து வரிசையில் விரலை மடக்கிக்கொண்டு நின்ற கணக்கு வாத்தியார் உதவியாக ஒன்று சொன்னார்.

"பன்னிரண்டுல எட்டுன்னா, மொத்தம் நானூத்தித் தொண்ணூத்தஞ்சு விதமா மாட்டலாம்மா."

"குடத்தைக் கீழே வெச்சிட்டு வீட்டுக்குப் போங்க சார்" என்றாள் அண்ணி.

மணி பதினொன்றரை. தொட்டியில் குழாய் மட்டத்துக்கு மேல் ஒரு சாண். சுகாதார நிலையத்தில் இரண்டு குழந்தைகள் வந்துவிட்டார்கள்; பொறுக்க முடியாமல் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்க என்னிடம் நாலு லிட்டர்தான் இருந்தது. அதை அண்ணியின் காதில் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கதவில் தொங்கிய போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டினது நான். தண்ணி வரலைன்னா யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அப்புறம் எழுந்தாள். எந்த வீட்டுக்கு எந்த எண்ணைக் கொடுத்தாள் என்பது அவள் மனதில் பத்திரமாக இருந்தது. அளவெடுத்த துணி யாருடையது என்று தையல்காரிக்கு மறக்குமா? வீட்டுக்காரர்கள் தங்கள் தங்கள் தகட்டை அடையாளம் காட்டினால் போதும். பன்னிரண்டு பேரும் வேண்டாம். நாலு பேர் காட்டினால் போதும். ஆனால் அந்த நாலு பேரைக் கூப்பிட வேண்டும். ஊரே நிற்கிறது.

"நான் பேர் சொல்ற நாலு வீட்டுக்காரங்க மட்டும் முன்னால வாங்க" என்றாள். "டீக்கடை அண்ணன். சைக்கிள் கடை. எதிர்வீட்டுக்காரி."

மூன்றோடு நிறுத்தினாள்.

"எதுக்கு எங்களை மட்டும்?" என்றாள் ரேடியோ. "எங்களோடதுதான் நல்ல தகடுன்னு நீதானே சொன்னே?"

"எங்கிட்டயும் அதான் சொன்னீங்க" என்றது ஒரு குரல். "எங்கிட்டயும்" என்றது இன்னொன்று. "எங்கிட்டயும்" பன்னிரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

அவள் இஞ்ச் டேப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டாள். "பொய்தான் சொன்னேன்" என்றாள். "நாலு தகடு இளைச்சது. அது போனாலும் மோட்டார் ஓடும். அதனால யாரை நம்பலையோ அவங்க வீட்டுல அதை வெச்சேன். டீக்கடை அண்ணே, நீங்க எதைப் பார்த்தாலும் அது மேல கெட்டிலை வெப்பீங்க. சைக்கிள் கடைக்காரரு அவசரத்துல எங்கயாவது இடிப்பாரு. இவ வீட்டுல ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வந்து வேடிக்கை பார்க்கும். என்னை என்ன வேணா சொல்லிக்குங்க. உங்க தகட்டை மட்டும் காட்டிக் குடுங்க."

"நாலாவது யாரு?" என்றாள் ரேடியோ. அந்த நேரத்திலும் செய்தி முழுதாக வேண்டும் அவளுக்கு.

அண்ணி தரையைப் பார்த்தாள். அந்த வாய் நாலு பேர் நடுவில் யார் காலரையும் விட்டதில்லை. என் பெயரைச் சொல்ல மட்டும் அதற்கு வரவில்லை. உச்சி குளிர்ந்ததெல்லாம் எனக்கு ஒரு நொடியில் இறங்கிவிட்டது. கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. மூக்குடைந்தது போலவும் இருந்தது. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்தபோது கோபத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது.

"நான்தான் நாலாவது" என்று முன்னால் வந்தேன். "ஏன் அண்ணி?"

"உங்கிட்ட எதைக் குடுத்தாலும் கழுவிடுவே" என்றாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"கழுவிட்டேன்" என்றேன். "ஊரையே கழுவச் சொன்னதும் நான்தான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஓர் அறை விழும் என்று நினைத்தேன். அதற்குள் டீக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏணியில் ஏறி, மேலே மாட்டியிருந்த ஒரு தகட்டின் முதுகைத் தொட்டுக் காட்டினார். வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு. "ஒரே ஒரு நிமிஷம்தாம்மா வெச்சேன்" என்றார்.

சைக்கிள் கடைக்காரரைச் சும்மாவா அவசரம் என்று கூப்பிடுகிறோம்? அவர் ஏணிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த ஒரு தகட்டின் மூலையில் நசுங்கிய சட்டத்தைக் காட்டிவிட்டு, "கதவு குறுகல்" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குள் போய்விட்டார். ரேடியோவின் தகட்டில் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கரின் பசை போகாமல் நட்சத்திர வடிவில் நின்றது. என்னுடையதைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கம்பி நாரால் தேய்த்த சட்டம் வெயிலில் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் எங்களைப் பற்றி நினைத்தது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது. மூன்று நாளாக யாரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மோட்டார் வரிசையில் எங்கள் தகடுகள் இரண்டு கலந்திருந்தன. அவற்றை இறக்கி, நல்லவை இரண்டை ஏற்றினார்கள். அவசரமே ஏறித் திருகினார். ஒரு மணிக்கு அண்ணி சுவிட்சில் கை வைத்தாள். உறுமல் வந்தது. திணறவில்லை. சத்தம் மெல்ல மெல்ல ஏறி, அவள் மிஷினில் நீளமான தையல் ஓடும்போது வருமே, அப்படி ஒரே சீராக நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பச்சை விளக்கு அணையவில்லை. மீதி நாலையும் ஏற்றி, கிருமி கொல்லும் கருவியும் எரிந்த பிறகுதான் குழாயைத் திறந்தாள்.

முதல் குடத்தை என் கையில் கொடுத்தாள். "பிள்ளைங்களுக்கு. ஓடு" என்றாள்.

ஓடினேன். இரண்டு குழந்தைகளும் திங்கட்கிழமை எழுந்து விளையாடின. அந்த வெள்ளத்தில் அதற்கு மேல் ஒரு கட்டில்கூட நிறையவில்லை. பத்தொன்பது வருட வேலையில் எனக்கு அது புதிது.

பத்தாம் நாள் மெக்கானிக் படகில் வந்தார். திருகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு திருகு காணவில்லை. அது அண்ணன் சட்டைப் பையில் இருந்தது.

"தகடுகளை யாரு கழட்டினது?" என்று கேட்டார்.

"காத்து" என்றாள் அண்ணி.

"காத்து ஸ்பேனர் வெச்சுக் கழட்டுச்சா?"

"நல்ல காத்து சார்."

அவர் வரிசையில் நின்றிருந்த குடங்களைப் பார்த்தார். கதவில் தொங்கிய போர்வையைப் பார்த்தார். அதைத் தூக்கிப் பார்க்காமல் டீ குடிக்கப் போய்விட்டார். போகும்போது தன் மீட்டரை மிஷின் மேல் மறந்து வைத்துவிட்டுப் போனார். இன்று வரை திரும்பக் கேட்கவில்லை. அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

இந்த வருடம் மறுபடி எச்சரிக்கை வந்தது. இப்போது தகடுகளில் சாக்குக் கட்டி எழுத்து இல்லை. சட்டைக்குள் அளவு போட்டுத் தைப்பார்களே, அந்த மாதிரி துணிப் பட்டியில் எண்ணை நூலால் தைத்து, ஒவ்வொரு சட்டத்தின் துளையிலும் இறுகக் கட்டியிருக்கிறாள். யார் வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளலாம்.

புயலுக்கு முந்தைய மதியம் அண்ணி என் வீட்டுக்கு வந்தாள். கூட அண்ணன் இல்லை, தகடும் இல்லை. முந்தானையில் சுற்றி எதையோ அணைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எது? ஏழா, பதினொண்ணா?" என்றேன். "இளைச்சதுன்னாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிட்டுக் குடு."

"உனக்குத் தகடு இல்லை" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறப்பதற்குள் அவள் முந்தானையை விலக்கினாள். கட்டுப்பாட்டுப் பெட்டி. பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் எரிகிற அதே பெட்டி. ஒரு தகடு போனால் மீதிப் பதினொரு தகட்டை வைத்து எதையாவது செய்யலாம். இது போனால் ஒன்றும் இல்லை. போன வருடம் இதைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூட மாடியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். யாரையும் தொட விடவில்லை.

"வீட்டுல வெச்சா உங்கண்ணன் திறந்து பார்ப்பாரு. ஒரு திருகு மிச்சமாகும்" என்றாள். என் கையில் வைத்தாள். நான் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நாத்தனார் அப்படி நின்றதை அவள் ஒரு நிமிடம் ரசித்துப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிச் சொன்னாள்:

"துடைக்கிறதுன்னா காய்ஞ்ச துணியில துடை."